வி-கிராஸ் பின் ஆக்சிலுக்கு லாக்கரா, எல்எஸ்டியா? மழையில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்

மலைமிளகு:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி விவரம் சொன்னால் பாதிப் பதில்தான் வரும் என்று இங்கே பழைய கேள்விகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2017, 2.5 லிட்டர் மேனுவல். ஃபோர் பை ஃபோர், லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போகிற கியர்) எல்லாம் உண்டு. ஆனால் முன்னும் பின்னும் ஓப்பன் டிஃபரன்ஷியல்தான் (இடது, வலது சக்கரத்துக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரத் தொகுதி, பூட்டு எதுவும் இல்லாதது). டிராக்ஷன் கன்ட்ரோல் என்று எதுவும் கிடையாது, ஏபிஎஸ் மட்டும். டயர் சாதாரண ரோட்டு டயர், பாதி தேய்ந்தது (திட்டாதீர்கள், தெரியும்).

ஓடுவது கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம். காப்பி, மிளகு, ஊடே கொஞ்சம் மலைவாழை. தார் ரோட்டில் இருந்து தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மண் பாதை, முழுக்க இறக்கம். காலையில் காலி வண்டியில் இறங்குவோம், சாயங்காலம் மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே வரவேண்டும். காப்பி பறிக்கிற காலமும் வடகிழக்குப் பருவமழையும் கைகோத்துக்கொண்டு வரும், அதுதான் வினை. செம்மண், அடியில் கெட்டி, மேலே இரண்டு அங்குலம் வெண்ணெய்.

நடுவழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது உள்பக்க முன்சக்கரம் குழியில் தொங்கும், அதே நேரம் எதிர்மூலைப் பின்சக்கரமும் தூக்கிக்கொள்ளும். அந்த இரண்டும் ரங்கராட்டினம் மாதிரி சுற்றும், மண்ணில் நன்றாக உட்கார்ந்திருக்கிற மற்ற இரண்டும் அசையவே அசையாது. போன நவம்பரில் ஒரு நாள் மூட்டையை எல்லாம் அங்கேயே இறக்கி, பக்கத்துத் தோட்டத்துக் குதிரைக்காரரைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்பினேன். அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வண்டி வாங்கும்போதே "குதிரை போதுமேடா" என்றவர் அவர்.

இப்போது மூன்று பேர் மூன்று யோசனை சொல்கிறார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர், "பின்னால் ஸ்பைடர் கியரை வெல்டிங் வைத்துவிடலாம், அரை நாள் வேலை" என்கிறார் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற குட்டிப் பல்சக்கரங்கள் அவை). நண்பன் ஏர் லாக்கர் போடு என்கிறான், பட்டனை அமுக்கினால் காற்றழுத்தத்தில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுவது. நானாகப் படித்ததில் ஹெலிக்கல் கியர் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், முழுக்கப் பூட்டாமல் பிடி இருக்கிற சக்கரத்துக்கு அதிக இழுவை அனுப்புவது) நல்லது, எந்தப் பட்டனும் அமுக்க வேண்டாம் என்று தெரிகிறது. எனக்கு அந்தக் கடைசி விஷயம் முக்கியம், ஏனென்றால் வாரத்தில் நான்கு நாள் வண்டியை ஓட்டுவது நான் இல்லை, டிரைவர். நல்ல மனிதர், ஆனால் பட்டனை அமுக்கினால் அமுக்கியபடியே வத்தலக்குண்டு வரை இறங்கிவிடுவார்.

எதைப் போடலாம்?

சேத்துக்காடு:

டிராக்டர் ஓட்டியிருக்கிறீர்களா? ஓட்டியிருந்தால் பாதிப் பதில் உங்கள் காலிலேயே இருக்கிறது.

தொளியில் உழும்போது ஒரு பின்சக்கரம் புதைந்து சுற்ற ஆரம்பித்தால் என்ன செய்வோம்? கீழே இருக்கிற டிஃப் லாக் மிதியை அழுத்துவோம். இரண்டு சக்கரமும் ஒரே தண்டு மாதிரி சேர்ந்து சுற்றும், வண்டி வெளியே வரும், காலை எடுத்ததும் விட்டுவிடும். ஏர் லாக்கர், எலக்ட்ரிக் லாக்கர் எல்லாம் அந்த மிதியேதான், காலுக்குப் பதில் பட்டன், அவ்வளவு. அந்த மிதியை அழுத்திக்கொண்டே வரப்பு ஓரம் திருப்பிப் பார்த்தவனுக்குத் தெரியும், ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்காது, நேராகப் போய் வரப்பை முட்டும். வெல்டிங் வைப்பது என்றால் அந்த மிதியைச் செங்கல் வைத்து அமுக்கிவிட்டு ஆயுள் முழுக்க ஓட்டுவது. வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் டிராக்டரில் உண்டு. பிரேக் மிதி இரண்டாகப் பிரிந்திருக்கும் இல்லையா, சும்மா சுற்றுகிற பக்கத்து பிரேக்கை மட்டும் லேசாக மிதித்தால் இழுவை மறுபக்கம் போகும். இப்போது புது வண்டிகளில் டிராக்ஷன் கன்ட்ரோல் என்று காசு வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் செய்வது அதைத்தான்.

நான் வைத்திருப்பது மஹிந்திரா தார் ஜீப், பழைய மாடல். பின்னால் ஈட்டன் மெக்கானிக்கல் லாக் கம்பெனியில் இருந்தே வந்தது. பட்டன் கிடையாது. இரண்டு பின்சக்கரத்துக்கும் சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்தால் உள்ளே இருக்கிற கவர்னர் எடை விரிந்து தானாகப் பூட்டிக்கொள்ளும். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் பூட்டாது, அதனால் ரோட்டில் பயமில்லை. எங்கள் மன்னார்குடிப் பக்கம் சமதரைச் சேற்றுக்கு இது போதும் போதும் என்கிற அளவு. ஆனால் உங்கள் வளைவை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் உதறுகிறது. அது பூட்டுவதற்கு முதலில் சக்கரம் சுற்றியே ஆகவேண்டும், சுற்றுகிற நேரத்தில் "டம்" என்று ஒரு அடியோடு பிடிக்கும். சமதரையில் அந்த அடி வெறும் சத்தம். பள்ளத்து ஓரத்தில் வழுக்கு மண்ணில் அதே அடி பின்பக்கத்தை ஒரு அடி நகர்த்திவிடும். உங்கள் ஆக்சிலுக்குக் கிடைக்குமா என்பதே வேறு கதை, கிடைத்தாலும் யோசியுங்கள்.

பட்டறை90ஆயில்:

கோயம்புத்தூரில் பட்டறை. கிரவுன், பினியன் (டிஃபரன்ஷியலைச் சுற்றவைக்கிற பெரிய பல்சக்கரமும் அதை ஓட்டுகிற சின்னதும்) வேலை 22 வருடமாகப் பார்க்கிறேன்.

முதலில் வெல்டிங். தம்பி, சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, டிராக்டர் டிரெய்லர் இழுக்கிற பழைய ஜீப்புக்கு அதைச் செய்தவர்கள் நிறையப் பேர். ஆனால் உங்கள் வண்டி தார் ரோட்டில், அதுவும் வளைவுக்கு மேல் வளைவாக இறங்குகிற மலை ரோட்டில் ஓடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் போகவேண்டும். விட்டுக்கொடுக்க டிஃபரன்ஷியல் இல்லை என்றால் டயர் விட்டுக்கொடுக்கும், டயர் விடாத நாளில் ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். ஈர ரோட்டில் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும். வேண்டாம்.

மற்றதைக் கணக்காகப் பாருங்கள், ஒருமுறை புரிந்துவிட்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஓப்பன் டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சமமான டார்க்தான் (சுழற்றுகிற விசை) கொடுக்கும். வழுக்குகிற சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் தாங்கினால், கெட்டி மண்ணில் நிற்கிற சக்கரத்துக்கும் அதே 100தான். மொத்தம் 200, வண்டி ஏறாது. ஹெலிக்கல் எல்எஸ்டி (ட்ரூட்ராக் என்கிற பிராண்டு மாதிரி) இந்த விகிதத்தைப் பெருக்கும். மூன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், வழுக்குகிற பக்கம் 100, பிடிக்கிற பக்கம் 300 வரை, மொத்தம் 400. இரண்டு மடங்கு. இதுவே சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? சைபரை மூன்றால் பெருக்கினால் சைபர். அங்கேதான் எல்லோரும் ஹெலிக்கலைத் திட்டுவார்கள். அதற்கும் வழி உண்டு: ஆக்சிலேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை லேசாக மிதித்தால், தொங்குகிற சக்கரத்துக்கு பிரேக் ஒரு பாரத்தைக் கொடுக்கும், அந்த பாரம் மூன்று மடங்காகி மறுபக்கம் போகும். பழகினால் வரும்.

கிளட்ச் பிளேட் எல்எஸ்டி உண்டு. உள்ளே பிளேட்டுகள், ஸ்பிரிங் அழுத்தம். புதிதில் நன்றாக இருக்கும், பிளேட் தேயத்தேய ஓப்பன் ஆகிவிடும். எல்எஸ்டிக்கான ஆயில்தான் ஊற்றவேண்டும், சர்வீசில் யாராவது சாதாரண நைன்ட்டி கியர் ஆயிலை ஊற்றிவிட்டால் வளைவில் கடகடவென்று உதறும். ஹெலிக்கலுக்கு நேர் எதிர்: அந்த வழவழப்பு அடிட்டிவைச் சேர்க்கக் கூடாது, உள்ளே உராய்வுதான் அதற்குச் சோறு.

ஸ்பைடர் கியரை மட்டும் எடுத்துவிட்டு அதே டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் போடுகிற ஆட்டோ லாக்கரும் கிடைக்கும். மலிவு, கிரவுன் செட்டிங்கைத் தொடவேண்டாம். ஆனால் இது எப்போதும் பூட்டியே இருக்கும், திரும்பும்போது மட்டும் விடும். ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே வளைத்தால் விடாது. கொண்டை ஊசியில் கட்கட்டென்று சத்தம் போட்டுக்கொண்டு வரும் வண்டியை உங்கள் டிரைவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது.

கடைசியாக ஏர் லாக்கர், இ-லாக்கர் (எலக்ட்ரிக்). வேண்டாதபோது முழுக்க ஓப்பன், வேண்டும்போது முழுக்கப் பூட்டு. பலத்தில் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஏர் என்றால் கம்ப்ரசர், பைப், வால்வ், உள்ளே ஓ-ரிங் (ரப்பர் வளையம்). கல் பட்டு பைப் கிழிந்தால் பூட்டாது, ஓ-ரிங் கசிந்தால் கியர் ஆயில் பைப் வழியாகத் திரும்பி வந்து வால்வில் கொப்பளிக்கும். வேலை சுத்தமாக இருந்தால் வருடக்கணக்கில் தொல்லை இல்லை. டயர் காற்றடிக்க அதே கம்ப்ரசர் உதவும் என்பது ஒரு லாபம். இ-லாக்கரில் பைப் தொல்லை கிடையாது, ஒயர் மட்டும். ஆனால் சில இ-லாக்கர் முன்னே பின்னே மாற்றும்போது ஒரு நொடி விட்டுப் பிடிக்கும், சேற்றில் முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கிறவர்களுக்கு அது எரிச்சல்.

எதைப் போட்டாலும் (அந்த மலிவு ஐட்டம் தவிர) கூடு முழுக்க மாறுகிறது. கிரவுனைக் கழற்றிப் புதுக் கூட்டில் மாட்டி, பேரிங் புதிதாகப் போட்டு, பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி) டயல் கேஜ் வைத்துப் பார்த்து, பல்லில் சாயம் தடவிப் பதிவு பார்த்து, ஷிம் (மெல்லிய தகடு) கூட்டிக் குறைத்து உட்காரவைக்கவேண்டும். "கண்ணாலேயே பார்த்துவிடுவேன்" என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஊளையிடும் வண்டிகளில் பாதி இப்படிச் செட் செய்ததுதான்.

ஆர்டர் போடுவதற்கு முன்பு ஆக்சிலை உருவி அதன் நுனியில் இருக்கிற ஸ்ப்லைன் பல்லை எண்ணுங்கள், கிரவுன் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். டி-மேக்ஸுக்கு என்று போட்டிருந்தால் போதாது, நாட்டுக்கு நாடு ஆக்சில் மாறும். ஒரு பல் வித்தியாசத்துக்கு வெளிநாட்டுச் சாமானைத் திருப்பி அனுப்ப அலைந்தவர்கள் என் பட்டறையிலேயே இரண்டு பேர்.

மஸ்கட்மச்சான்:

நான் ஓமானில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சைட் சூப்பர்வைசர், ஓட்டுவது ஹைலக்ஸ். மலைச் சேறு எனக்குத் தெரியாது, எங்கள் ஊர் ராமநாதபுரம், அங்கே சேறே அபூர்வம். மணல் தெரியும்.

இங்கே வஹீபா மணலில் புதிதாக வருகிறவன் முதலில் கேட்பது "டிஃப் லாக் எங்கே" என்றுதான். பழையவன் கேட்பது "காற்று எவ்வளவு வைத்திருக்கிறாய்". 35 பிஎஸ்ஐ டயரோடு நான்கு லாக்கர் போட்டாலும் நான்கு சக்கரமும் ஒரே ஒழுங்காகக் குழி தோண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். 15க்கு இறக்கினால் லாக்கரைத் தொடாமலே போய்விடலாம். உங்கள் மண்ணுக்கு 15 வேண்டாம், லோடு வேறு இருக்கிறது, ரிம்மில் இருந்து டயர் கழன்றுவிடும். 22, 24 முயற்சி செய்து பாருங்கள், செலவில்லாத வேலை. மேலே வந்ததும் மறுபடி காற்று அடிக்க ஒரு பம்ப் வண்டியில் இருக்கட்டும், மெத்தென்ற டயரோடு மலை இறங்காதீர்கள்.

பாதி தேய்ந்த ரோட்டு டயரை வைத்துக்கொண்டு லாக்கர் விலை விசாரிக்கிறீர்களே மச்சான். திட்டவேண்டாம் என்றீர்கள், திட்டவில்லை.

மலைமிளகு:

எல்லோருக்கும் நன்றி. டிராக்டர் மிதி உதாரணம் அப்பாவிடம் சொன்னேன், ஒரே நொடியில் புரிந்துகொண்டார், நான் ஒரு வாரம் வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டதை.

பட்டறை அண்ணா, உங்கள் கணக்குப்படி என் வளைவில் சக்கரம் முழுக்கத் தொங்குவதால் ஹெலிக்கல் உதவாதா? முழுக்கத் தொங்குகிறதா, நுனி மண்ணில் உரசுகிறதா என்று இறங்கிப் பார்த்ததில்லை, மழையில் யார் பார்த்தார்கள். பிரேக் மிதிக்கிற வித்தையை டிரைவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் மூன்று மிதியையும் இரண்டு காலால் அவர் செய்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஹேண்ட்பிரேக்கை இரண்டு பல் இழுத்து ஓட்டினால் அதே பலன் என்று ஒருவர் சொன்னார், நிஜமா?

முன்னாலும் ஒன்று போடவேண்டுமா என்றும் சொல்லுங்கள்.

பட்டறை90ஆயில்:

ஹேண்ட்பிரேக் வித்தை நிஜம். பின்னால் டிரம் பிரேக், கேபிள் இழுத்தால் இரண்டு பக்கமும் பிடிக்கும், தொங்குகிற சக்கரத்துக்கு பாரம் கிடைக்கும். ஓப்பன் டிஃபரன்ஷியலில்கூடக் கொஞ்சம் வேலை செய்யும். ஆனால் பிடிக்கிற சக்கரத்தையும் அதே பிரேக் பிடிப்பதால் கிடைத்ததில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். ஹெலிக்கலில் மூன்று மடங்கு என்பதால் மிச்சம் தேறும். பத்து அடி தாண்டுவதற்கு மட்டும். மேலே வந்து ஹேண்ட்பிரேக்கை விட மறந்தால் டிரம் வாசனை தாண்டிக்குடி வரை வரும்.

முன்னால் ஒன்றும் வேண்டாம். முன்னால் பூட்டினால் ஸ்டியரிங் திருப்ப இரண்டு ஆள் வேண்டும், திருப்பிய நிலையில் பாரம் முழுக்க சிவி ஜாயின்ட் (முன்சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகிற மடங்கும் மூட்டு) மேல் விழும். உங்கள் பிரச்சினையே கொண்டை ஊசி வளைவு. ஃபோர்ஸ் குர்காவில் முன்னும் பின்னும் லாக் கம்பெனியே கொடுக்கிறது, உண்மைதான், அதை வைத்திருப்பவர்களே முன் லாக்கை நேர்ப்பாதையில்தான் போடுவார்கள்.

உங்கள் டிரைவரைப் பற்றிச் சொன்னதை வைத்து என் ஓட்டு ஹெலிக்கலுக்கு. போட்டால் மறந்துவிடலாம், ஈர ரோட்டிலும் நன்றாக இருக்கும்.

40வளைவு:

வால்பாறை. பொள்ளாச்சியில் இருந்து 40 கொண்டை ஊசி ஏறித்தான் வீட்டுக்கே போகவேண்டும் என்பதால் இந்தப் பெயர். முன்பு ஒரு பழைய ஜீப், 2023 முதல் ஹைலக்ஸ், பின்னால் எலக்ட்ரிக் லாக் கம்பெனியோடு வந்தது.

பட்டறை அண்ணன் சொன்ன கணக்கு எல்லாம் சரி, ஆனால் எல்லோரும் முன்னே போவதைப் பற்றியே பேசுகிறீர்கள். மலையில் பயப்படவேண்டியது பக்கவாட்டில் போவதற்கு. தோட்டப் பாதை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் லாக்கரை யோசித்துத் தொடுங்கள்.

ஏன் என்றால், டயருக்கு இருக்கிற பிடி ஒரு மடி காசு மாதிரி. முன்னே தள்ளுவதற்குச் செலவழித்தால் பக்கவாட்டில் நிற்பதற்கு மிச்சமில்லை. ஓப்பன் டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்றும்போது மற்றது சும்மா நிற்கிறது என்று திட்டுகிறோம், ஆனால் அந்தச் சும்மா நிற்கிற சக்கரம்தான் முளைக்குச்சி மாதிரி வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும், முளை பிடுங்கிக்கொள்ளும், பின்பக்கம் நிதானமாக, சத்தமே இல்லாமல் பள்ளத்தைப் பார்த்து நகரும். ஜூலை மாதம் தேயிலைக்கு நடுவில் எனக்கு நடந்தது. லாக் போட்டு, கொஞ்சம் அதிகமாகவே ஆக்சிலேட்டர் கொடுத்துவிட்டேன். ஒரு மீட்டர் போயிருப்போம், முன்னே இல்லை, பக்கத்தில். ஒரு சவுக்கு மரத்தில் பின்கதவு சாய்ந்து நின்றது. அந்த மரத்துக்கு இன்றைக்கும் நான் போகும்போது ஹாரன் அடிப்பேன்.

அதற்காக லாக்கர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போது போடுவது என்பது நம் கையில் இருக்கவேண்டும் என்கிறேன். நின்று, லோ போட்டு, பட்டனை அமுக்கி, விளக்கு மினுக்குவது நின்று நிலையாக எரியும் வரை மெதுவாக உருட்டி, அந்தக் குழியை மட்டும் நடை வேகத்தில் தாண்டி, உடனே எடுத்துவிடவேண்டும். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும்போது அமுக்கினால் பல் தெறிக்கும். குழி இருக்கிற பத்தடிக்கு லாக், வழுக்கிச் சாய்ந்த மீதிப் பாதைக்கு ஓப்பன். தானாகப் பூட்டுகிற எதுவும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காது.

டிரைவர் மறப்பார் என்பதற்கு ஒயரிங்கில் வழி இருக்கிறது. லாக்கர் சுவிட்சுக்குப் போகிற கரன்ட்டை, லோ ரேஞ்ச் விளக்கு எரியும்போது மட்டும் வருகிற மாதிரி ஒரு ரிலே வழியாகக் கொடுங்கள். லோவில் இருந்து வெளியே வந்ததும் லாக் தானாக விட்டுவிடும். லோ போட்டுக்கொண்டே வத்தலக்குண்டு வரை யாராலும் இறங்க முடியாது, எஞ்சின் அழுதுவிடும். கூடவே ஒரு பஸ்ஸர் வைத்துவிடுங்கள், எரிச்சலூட்டுகிற மாதிரி.

இன்னொன்று. காலி பிக்கப்பின் பின்பக்கம் இறகு மாதிரி, லோடுக்காகப் போட்ட பட்டை ஸ்பிரிங் வேறு விறைப்பாக நிற்கும், அதனால்தான் சக்கரம் அத்தனை சீக்கிரம் தூக்கிக்கொள்கிறது. மழை நாளில் காலியாகப் போகவேண்டி இருந்தால் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இரண்டு மணல் மூட்டை போட்டுக் கட்டுங்கள். ரொம்பப் பின்னால் வைத்தால் முன்பக்கம் தூக்கி ஸ்டியரிங் லேசாகிவிடும்.

பட்டறை90ஆயில்:

40வளைவு தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாய்ந்த பாதை என்று கேள்வியில் இல்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரு திருத்தம், ஹெலிக்கல் "பூட்டுவதில்லை". டார்க்கை நைசாக மாற்றிக் கொடுக்கும், அடி கிடையாது. பக்கவாட்டில் அது லாக்கரைவிட சாது. சேத்துக்காடு சொன்ன மெக்கானிக்கல் லாக்கோடு அதைச் சேர்த்துப் பேசாதீர்கள்.

40வளைவு:

சாதுதான், ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் சக்கரம் தூக்குகிற அந்த ஒரு வளைவில், எந்த இடத்துக்காகக் காசு போடுகிறாரோ அதே இடத்தில், பிரேக் வித்தை தெரியாத டிரைவரோடு அது ஓப்பன்தானே?

பட்டறை90ஆயில்:

அது சரி. என் ஓட்டை வாபஸ் வாங்கவில்லை, பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்.

சேத்துக்காடு:

அந்தக் குழியை முதலில் மூடலாமே? யாரும் கேட்கவே இல்லை. இரண்டு டிராக்டர் கல் எவ்வளவு ஆகிவிடப்போகிறது.

மலைமிளகு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

கடைசியாகக் கேட்ட கேள்விதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. குழியை மூடாமல் ஐந்து வருடம் அதைச் சுற்றி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறோம். போன ஞாயிறு நான்கு ஆட்களை வைத்து, கல் அடுக்கி, ஓரத்தில் தண்ணீர் போக ஒரு வாய்க்கால் வெட்டினோம். குழிக்குக் காரணமே மேலே இருந்து வருகிற தண்ணீர் பாதையைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போனதுதான். வாய்க்கால் இல்லாமல் கல்லை மட்டும் போட்டிருந்தால் அடுத்த மழைக்குக் கல்லும் போயிருக்கும். வளைவில் மட்டும் சக்கரம் போகிற இரண்டு தடத்துக்கும் சிமெண்ட் பட்டை போடலாம் என்று அப்பா சொல்கிறார், கோடையில் பார்க்கலாம்.

டயர் நான்கும் மாற்றிவிட்டேன், ஆல் டெரெய்ன். மஸ்கட் மச்சான், 24 பிஎஸ்ஐ வைத்துத்தான் ஏறுகிறோம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது: முன்பு வாரத்தில் மூன்று நாள் மாட்டுகிற வண்டி, இந்த மூன்று வாரத்தில் இரண்டு முறைதான் மாட்டியது. இரண்டும் நல்ல மழைக்கு மறுநாள், அதே வளைவுக்கு மேலே, சக்கரம் தூக்குகிற இடம் இல்லை, உள்பக்கச் சக்கரம் ஓடைச் சேற்றில் சிக்கி வெறுமனே சுற்றுகிற இடம். ஹேண்ட்பிரேக் இரண்டு பல் இழுத்துப் பார்த்தேன், ஒரு முறை வந்தது, ஒரு முறை வரவில்லை. வராத அன்று ஒரு பலகையும் மண்வெட்டியும் போதுமாக இருந்தது, குதிரையைக் கூப்பிடவில்லை.

பாதை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தண்ணீர் மட்டம் வைத்துப் பார்த்தேன். மேல் பாதி உள்பக்கம், மலையைப் பார்த்து. கீழ்ப் பாதி, சுமார் 300 மீட்டர், பள்ளத்தைப் பார்த்து. இத்தனை வருடம் ஓட்டியும் கவனித்ததில்லை. அதனால் தானாகப் பூட்டுகிற எதுவும் வேண்டாம் என்று முடிவு. ஹெலிக்கலா, லோ ரேஞ்சோடு ஒயர் கட்டின லாக்கரா என்பதில் மனம் லாக்கர் பக்கம் சாய்கிறது, ஆனால் இந்தப் பருவத்தை டயரோடு ஓட்டிவிட்டு மார்ச்சில்தான் வாங்குவேன். அதற்குள் ஆக்சிலை உருவிப் பல்லை எண்ணிவிடுகிறேன். ஆக்சில் உருவினால் சீல் மாற்றவேண்டுமா, பழையதையே போடலாமா?

பட்டறை90ஆயில்:

சீல் புதிது போடு. அந்தக் காசுக்குப் பார்த்தால் பிரேக் லைனிங்கில் ஆயில் இறங்கும். உருவும்போது என்னைக் கூப்பிடு, கிரவுன் விட்டம் எப்படி அளப்பது என்று சொல்கிறேன்.

மஸ்கட்மச்சான்:

அந்தப் பாதி தேய்ந்த பழைய டயரை விற்றுவிட்டீர்களா? ராமநாதபுரத்தில் மச்சான் ஒருவனுக்கு மாட்டு வண்டிக்கு வேண்டுமாம்.